பிரிக்பீல்ட்ஸ் அறைக்கு ஒரு பதில்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள சரோஜா,

இங்கு அனைவரும் நலம். நீயும் நலம் என்றுதான் தொலைபேசியில் சொன்னாய். அந்த நலத்தைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். ராகவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, ஆனாலும் விடியுமுன்னே ஜொகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூருக்குள் நுழையும் பிழைப்பு மாறவில்லை. பெர்த்தில் இருப்பவள் ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் காட்டுகிறாள். தங்கப்பல் மாமா இன்னும் இருக்கிறார், இன்னும் கடன் கேட்கிறார். இனி விஷயத்திற்கு வருகிறேன்.

அவர் போனபின் நான் தனியாகக் கிடக்க வேண்டாம், உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் ஓர் அறை சும்மாதானே இருக்கிறது, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடு என்றாய். வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசிப் பழகியவளிடம் தொலைபேசியில் குறுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா? பட்டர்வொர்த்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம், அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம், விவேகானந்தா ஆசிரமம் பக்கத்தில், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை என்று வீடு விற்கும் தரகரைப் போல் அடுக்கிக்கொண்டே போனாய். நான் "சரி, யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். யோசித்ததை எழுதுகிறேன். எழுத்தில்தான் நீ என்னை இடைமறிக்க முடியாது.

அந்த அழைப்பில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். நீ என்னை அழைக்கவில்லை, எனக்குக் கடன் அடைக்கிறாய்.

1970இல் புகுமுக வகுப்பில் நம்மைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு வந்தவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்காக ஓர் ஆண்டைக் கூடுதலாகக் கழித்தோம். நம் வயதுப் பிள்ளைகள் அடுத்த கட்டடத்தில் முதலாம் படிவத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டில் நாம் ஆங்கிலத்தைவிட ஒருவரையொருவர்தான் அதிகம் கற்றோம். ஐந்தாம் படிவத் தேர்வில் இருவருமே தேறினோம், இருவருமே ஆறாம் படிவத்துக்குத் தகுதி பெற்றோம். அப்பாவுக்கு அந்த ஆண்டுதான் துறைமுகத்தில் முதுகு போயிற்று. தம்பிகள் மூவரும் பள்ளியில் இருந்தார்கள். நான் பாயான் லெப்பாஸுக்குப் போனேன். அங்கே 1972இல் திறந்த தொழிற்பேட்டை நம் வயதுப் பெண்களைப் பேருந்து பேருந்தாக விழுங்கிக்கொண்டிருந்தது.

நீ அதை எப்போதும் ஒரு துக்கச் செய்தியைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கிறாய். "இந்திராணி மட்டும் படித்திருந்தால்" என்று நீ தொடங்கும்போதெல்லாம் நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன், கவனித்திருப்பாய். இந்த ஒருமுறையாவது எழுந்து போகாமல் சொல்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லிலிருந்து அதைச் சுற்றியுள்ள சட்டத்தின் கால்களுக்கு இழுத்துப் பொருத்தும்போது கை நடுங்காமல் இருந்தது என் கை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கெடாவிலிருந்து வந்த பெண்களோடு நாசி லெமாக் வாங்கித் தின்றதும், முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குத் தோடு வாங்கியதும், அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் அதிகாரம் செய்த பெரியப்பா மகனை வாயடைக்க வைத்ததும் அந்த வேலைதான். நீ நூலகத்தில் உட்கார்ந்திருந்த வயதில் என் கையில் சொந்தப் பணம் இருந்தது. உனக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது என்று உன் கணக்கில் ஒரு வரிகூட இல்லையே, சரோ.

அந்தப் பணத்தில்தான் வம்பே தொடங்கிற்று. 1978இல் உனக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கூப்பிடு தூரத்தில், மிண்டனில், ஒரு பல்கலைக்கழகம் இருக்க, இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரில்தான் இருக்கிறது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். உன் அப்பா மறு காலையும் மடக்கிப் பார்த்தார். அந்த மாதம் எங்கள் ஷிப்ட் பெண்கள் பிடித்த சீட்டின் கூட்டுப் பணம் எனக்கு விழுந்தது. கூட்டுப் பிடிப்பதை 1971லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள் என்பது எங்கள் ஷிப்டில் எவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ரொக்கியா அக்கா சீட்டை நிறுத்தியிருக்க மாட்டாள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி உன் தகரப் பெட்டிக்குள் போயிற்று. படகுத்துறையில் உன் அம்மா அழுதுகொண்டிருக்க, தீவைவிட்டுப் போகிறவர்களிடம் காசு கேட்பதில்லை, திரும்பி வருகிறவர்களிடம்தான் பட்டர்வொர்த்தில் வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் திரும்பி வரும் காசைத் தனியாக முடிந்து வைத்துக்கொள் என்று நான் சொன்னேன். பிற்பாடு பாலம் வந்தபோதும் சுங்கத்தை அதே பக்கத்தில்தான் வைத்தார்கள். அந்தப் பழைய படகுகளை 2020ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திவிட்டார்கள். நம் வேடிக்கைப் பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் அதைத் திரும்ப எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும், வேலை கிடைத்த நாளிலிருந்து நீ திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாய். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சேலை. 1985இல், பாலம் திறந்த அதே ஆண்டில், ஆட்குறைப்பில் என் பெயர் வந்தபோது, நான் கேட்காமலே மாதாமாதம் அஞ்சலில் வந்த பணம். ராகவனின் ஆறாம் படிவத்துக்கு நீ எடுத்த இலவச வகுப்புகள். பணம் முதலும் வட்டியுமாகத் தீர்ந்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் நீ ஈடுகட்ட நினைப்பது பணத்தை அல்ல, நான் படிக்காமல் போனதை. அதை எப்படி அடைப்பாய்? அது கடனே இல்லையே. அப்பாவின் முதுகுக்கும் உன் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

எனவே பிரிக்பீல்ட்ஸ் அறை அந்தக் கணக்கின் கடைசித் தவணை என்றால், நான் வரமாட்டேன். இந்த வீட்டை ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த என் பணத்தைப் போட்டு வாங்கினேன். எனக்கு இங்கே கூரை இருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை தர ஒரு ரிங்கிட்டுக்கு அரசாங்க கிளினிக் இருக்கிறது. கடைத்தெருவில் என்னை ஏமாற்றாத காய்கறிக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று உனக்குத் தெரியாது.

இப்போது உன் நலத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை ஏன் இவ்வளவு பெரிய எழுத்தில், தடித்த கறுப்பு மையில் எழுதுகிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வந்தாயே, அப்போது பார்த்தேன். இடப்பக்கம் இருந்த பூக்காரியின் தட்டில் நேராகப் போய் இடித்தாய். கூட்டம் என்றாய். வீட்டில் உன் வலது முழங்கைக்கு அருகே நான் வைத்த காப்பியைத் தட்டிவிட்டாய். களைப்பு என்றாய். கூடத்திலிருந்து சமையலறைக்கு இறங்கும் அந்த ஒற்றைப் படியில், நீ சிறுவயது முதல் ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் இருக்கும் அதே மாதிரிப் படியில், காலால் துழாவினாய். அதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் பாதியை மைக்ராஸ்கோப்பில் கழித்தவளிடம் கண்ணை மறைக்கப் பார்த்தாயே. உன் தங்கை மல்லிகாவிடம் கேட்டேன். அவள் முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள், பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. உண்மையைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாவது இருக்கிறாளே.

கண் அழுத்த நோய் என்றால் என்ன என்று என் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலி இருக்காதாம், அதனால்தான் ஆளுக்குத் தெரியாமலே முற்றுமாம். முதலில் பக்கப் பார்வை சுருங்குமாம், நேரே இருப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியுமாம். புத்தகம் படிக்க முடிகிறதே, எனக்கு ஒன்றுமில்லை என்று ஏமாறுகிறவர்கள் அதிகமாம். பார்வை நரம்பில் போனது போனதுதான், மீளாது. ஆனால் சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் மிச்சமிருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். தவறாமல் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தோடு தூங்கிப்போகிறவள் எத்தனை நாள் தவறாமல் விட்டிருப்பாய்? விட்டாலும் சரியாகத்தான் விட்டாயா? கீழிமையை இழுத்து ஒரு சொட்டு, பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் ஊற்ற வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் உன் தங்கையும் உடனே கண்ணைக் காட்ட வேண்டும். இதை நீ அவளிடம் சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் நானே சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலைக்குப் போகாதே, நாற்பது வயதில் கண் தெரியாமல் போய்விடும் என்று எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நீ. எனக்கு இன்னும் ஊசியில் நூல் கோக்க முடிகிறது. இதில் எனக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

கோபம் நோயைப் பற்றி அல்ல. துணை தேவைப்படுவது உனக்கு. அதை மாற்றிப்போட்டு, எனக்குத் துணை தருவதாகப் பேசினாயே, அதுதான் ஆறவில்லை. கொடுக்கத் தெரிந்த உனக்குக் கேட்க வரவில்லை. நான் கூட்டுப் பணத்தை நீட்டிய அன்றும் நீ கேட்கவில்லை, நான்தான் பெட்டிக்குள் திணித்தேன். தோட்டங்களை வீட்டுமனைகளாக மாற்றியபோது, நீ படிப்பித்த பிள்ளைகளின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லோரியில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு வந்து தனி வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட அந்த ஆண்டுகளில்கூட, எனக்கு எழுதிய கடிதங்களில் பள்ளி விளையாட்டுப் போட்டியைப் பற்றித்தான் எழுதினாய். கணவன், பிள்ளை, மாமியார் என்று என் புலம்பலை மட்டும் பக்கம் பக்கமாக வாங்கிக்கொண்டாய். கல்யாணம் செய்துகொள்ளாததற்காக உன்னைப் பார்த்து நானும், செய்துகொண்டதற்காக என்னைப் பார்த்து நீயும் மனதுக்குள் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தோம். இருவருமே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அந்த மட்டில் நாகரிகம்தான்.

ராகவனிடம் சொன்னேன். மகன் இருக்கும்போது அம்மா தோழி வீட்டில் போய் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்றான். ஊர் உனக்குச் சோறு போட்டு ஆறாம் படிவம் படிக்க வைத்ததா, அத்தை வைத்தாளா என்று கேட்டேன். அதன்பிறகு பேச்சில்லை. ஆனால் அவன் முகம் வாடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவனிடம் நீ ஒருமுறை பேச வேண்டும், நான் பேசினால் அது சண்டையாகிவிடுகிறது.

எனக்கு வேறு பயங்களும் உண்டு. நான் இரவு ஷிப்டில் கெட்டுப்போன உடம்பு, இரண்டு மணிவரை தூங்கமாட்டேன். தொடர்களைச் சத்தமாக வைத்துத்தான் பார்ப்பேன். நீ ரசத்தில் சர்க்கரை போடுகிறவள். ஐம்பது ஆண்டுகள் கடிதத்திலும் தொலைபேசியிலும் விருந்தாளியாகவும் பழகியவர்கள் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டால் இந்த நட்பு மிஞ்சுமா என்று நினைத்து நினைத்துத்தான் பதில் இவ்வளவு தாமதமாயிற்று. ஒன்று மட்டும் நிச்சயம். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலை எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது, உன் கண்ணுக்கு இனி அதுதான் தேவை. உன் வீட்டில் தரையில் அடுக்கியிருக்கும் புத்தகங்கள் முதல் நாளே அலமாரிக்குப் போகும்.

ஆகவே வருகிறேன், இந்த ஏற்பாட்டோடு. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. இந்த வீட்டை வாடகைக்கு விடமாட்டேன். மின்சாரம், மளிகை எல்லாவற்றிலும் பாதி என்னுடையது, அதில் பேரம் இல்லை. அடுத்த கண் பரிசோதனைக்கு நானும் உள்ளே வந்து மருத்துவர் சொல்வதைக் கேட்பேன். இவற்றுக்கெல்லாம் முன்பாக, எனக்கு உதவி செய்வதாகச் சொல்லாமல், "இந்திரா, எனக்கு நீ வேண்டும், வா" என்று உன் கையால் எழுதி அனுப்பு. தொலைபேசியில் சொன்னால் செல்லாது. அது வந்த மறுநாள் பயணச்சீட்டு எடுப்பேன்.

இன்னொன்று. இரவில் நீ இன்னும் கார் ஓட்டுகிறாய் என்று மல்லிகா சொன்னாள். அவள் மருமகன் உன் சாகா காரைப் பார்க்க வரும் சனிக்கிழமை வருவான், நல்ல விலை தருவான். சாவியைக் காணவில்லை என்று அவனிடம் நாடகமாடாதே. வழக்கம்போல் அரிசி டப்பாவில்தான் வைத்திருப்பாய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
இந்திராணி