கிறவல் என்றால் இங்கும் கிறவல்தான்

சோமூர், பிரான்ஸ்
ஒக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, இணைப்பு அறுந்ததைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் பதில் சொல்லாமல் தப்பிவிட்டேன். "கார் வாங்கிய பிறகும் ஏன் பிள்ளை சைக்கிள்? அதுவும் நல்ல தார் வீதி இருக்க, கிறவல் வீதியால் ஏன் போகிறாய்?" என்று கேட்டீர்கள். உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் சந்தைக்கும் முப்பது வருடமாகச் சைக்கிள் மிதித்த உங்களுக்கு, வசதி வந்த பிறகும் ஒருத்தி விரும்பிச் சைக்கிள் ஏறுவது வேண்டாத வேலையாகத் தெரிவதில் வியப்பில்லை. அதை இரண்டு நிமிடத்தில் கதைத்து விளங்கப்படுத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு செய்தி. நம் ஊரில் தார் போடாத வீதியைக் கிறவல் வீதி என்கிறோம் அல்லவா? இங்கே அப்படிப்பட்ட பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்யப்படும் சைக்கிளையும், அந்த ஓட்டத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் "கிறவல்" என்றே சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, "வார இறுதியில் கிறவல் போகலாமா?" என்று கேட்டபோது, வீதி போடுகிற வேலைக்குக் கூப்பிடுகிறாளாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவளிடமே பழைய வண்டி ஒன்றை எழுநூறு யூரோவுக்கு வாங்கினேன். அந்த விலையை ரூபாவில் பெருக்கிப் பார்க்க வேண்டாம். பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த கைபிடி இருக்கும்; ஆனால் ரயர் 40 மில்லிமீற்றர் அகலம். ரயருக்குள் ரியூப் கிடையாது. அதற்குப் பதிலாக இறப்பர்ப் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி விடுகிறார்கள். முள்ளுக் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டைக்கு ஓடிப்போய்த் தானாகவே அடைத்துவிடும். காற்றையும் விறைக்க விறைக்க அடிப்பதில்லை. ரயர் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தால்தான் கல்லின் மேல் துள்ளாமல் அதைச் சுற்றி அமுங்கிப் போகும். மணல் ஒழுங்கைக்குள் இறங்கும் முன் நீங்கள் காற்றைச் சிறிது இறக்கிவிடுவீர்களே, அதே கணக்குத்தான்.

சோமூர் லுவார் ஆற்றின் கரையில் இருக்கிறது. லுவார் பிரான்ஸின் மிக நீளமான ஆறு. தெற்கே ஆர்தேஷ் மலைப்பகுதியில் பிறந்து, ஆயிரம் கிலோமீற்றருக்கும் சற்றுக் கூடுதலாக ஓடி அத்திலாந்திக்கில் விழுகிறது. அதன் கரையோரமாக ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதன் பெரும்பகுதி, அத்திலாந்திக் கரையிலிருந்து கருங்கடல் வரை ஐரோப்பாவைக் குறுக்கறுத்துப் போகும் இன்னொரு நெடும்பாதையோடு சேர்ந்தது. கோடையில் பிள்ளைகுட்டிகளோடும் பொதிகளோடும் குடும்பம் குடும்பமாக அதில் போவார்கள். நாங்கள் அந்தப் பாதையில் கொஞ்சத் தூரம் போய்விட்டு, எங்கே தோட்டத்துக்குப் போகும் உழவு இயந்திரப் பாதை பிரிகிறதோ அங்கே மேலே ஏறிவிடுவோம்.

ஆற்றின் தென்கரை நெடுக வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மதில் போல எழுந்து நிற்கிறது. இந்தக் கல்லை இவர்கள் துஃபோ என்கிறார்கள். எங்கள் கிணற்றை வெட்ட வெடி வைக்க வேண்டியிருந்தது என்று சொல்வீர்கள். இதுவும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் வாளால் அறுக்கக்கூடிய அளவுக்கு மென்மை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக இந்தப் பாறையைக் குடைந்து கல் எடுத்து, படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோட்டைகளும் தேவாலயங்களும் கட்டியிருக்கிறார்கள். கல் எடுத்த பின் மிஞ்சிய குகைகளை வீணாக்கவில்லை: சிலவற்றில் குடியிருந்தார்கள், சிலவற்றில் காளான் வளர்த்தார்கள், பலவற்றில் வைன் பீப்பாக்களை அடுக்கினார்கள். உள்ளே மாரியிலும் கோடையிலும் குளிர் ஏறத்தாழ 12 பாகைதான். சூசே என்ற கிராமத்தில் பாறைக்குள் குடைந்த ஒரு தெருவின் ஊடாகவே சைக்கிள் பாதை போகிறது. வெயிலிலிருந்து அந்த இருட்டுக்குள் நுழையும்போது வியர்வை குளிர்ந்து உடம்பு சிலிர்க்கும். வீட்டு வாசல்களும் சன்னல்களும் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கும். முதல் நாள் அந்தக் குளிர்ந்த கல்லில் கையை வைத்தபோது, கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்று நீங்கள் இறைக்கும் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்திருந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

பாறையின் உச்சிக்கு ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம், நம் தோட்டத்தில் உள்ளதைப் போல முந்திரிகைக் கொடிகள். உங்களுக்கு நான் சொல்ல விரும்பிய முக்கியமான விடயம் இதுதான். தார் வீதியால் காரில் போனால் இது ஒரு பச்சை நிறக் கோடாக ஓடி மறையும். சைக்கிளில் நிரைகளின் ஓரமாக மெல்லப் போகும்போதுதான், ஒவ்வொரு கொடியையும் யார் எப்படிக் கத்தரித்தார்கள் என்பதுவரை தெரிகிறது. இங்கே பந்தல் கிடையாது அப்பா. நெஞ்சளவு உயரத்துக்குக் கட்டையும் கம்பியும் நட்டு, கொடிகளை வேலி போல நேர்நிரையாக வளர்க்கிறார்கள். நாங்கள் வெயிலை மறைக்கப் பந்தல் போடுகிறோம்; இவர்கள் கிடைக்கிற வெயில் ஒரு துளியும் வீணாகாமல் இருக்க நிரை பிடிக்கிறார்கள். நிரைகளுக்கு மேலே கால்களை அகட்டி நிற்கும் உயரமான உழவு இயந்திரம் ஒன்று, கொடியைத் தன் வயிற்றுக்குக் கீழே விட்டுக்கொண்டு போகும். அதைப் பார்த்தால் நீங்கள் அன்று முழுவதும் அதைப் பற்றியே கதைப்பீர்கள்.

வருடத்துக்கு ஒரு விளைச்சல் மட்டுமே. கார்த்திகையில் இலை கொட்டும், குளிர் முழுவதும் கொடி செத்ததுபோல் நிற்கும்போது கத்தரிப்பார்கள், ஏப்ரலில் துளிர்க்கும், ஆனியில் பூக்கும், புரட்டாதி, ஐப்பசியில் பறிப்பார்கள். துளிர்த்த பிறகு உறைபனி விழுந்தால் அந்த வருடம் போயிற்று. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுவதும் அப்படி விழுந்ததாம். இரவிரவாக நிரைகளுக்கு இடையில் பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றிக் காவல் இருந்தார்களாம். காய்க்கும் நேரத்தில் மழை பெய்தால் நீங்கள் நித்திரை இல்லாமல் முற்றத்தில் நடப்பீர்களே, அதை நினைத்துக்கொண்டேன். இங்குள்ள கறுப்பு முந்திரிகைக்குப் பெயர் கபர்னே ஃப்ரான்; சாப்பிடும் பழம் அல்ல, சிறிய மணி. அதிலிருந்து வரும் சிவப்பு வைனையும் ஒரு மிடறு சுவைத்துப் பார்த்தேன். அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

பர்னே, சூசே கிராமங்களின் தோட்டங்களில் அந்துவான் கிறிஸ்தால் என்ற ஒருவர் செய்த வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னரே அவர் தோட்டத்துக்குள் நீண்ட கல் மதில்களைக் கட்டி, மதிலின் வடக்குப் பக்கம் கொடியை நட்டு, மதிலில் துளை விட்டு, கொடியைத் தெற்குப் பக்கம் இழுத்துவிட்டார். வேர் நிழலில் குளிர்ந்திருக்கும். குலை வெயிலில் பழுக்கும். பகல் முழுவதும் சூடேறிய மதில் இரவிலும் அதற்குச் சூடு கொடுக்கும். "காலுக்கு நிழல், தலைக்கு வெயில்" என்று கத்தரிக்குச் சொல்லும் உங்கள் கணக்கை ஒருவர் கல்லில் கட்டி வைத்திருப்பதுபோல் இருந்தது. அந்த மதிலடியில் நின்று இறங்கிப் பார்த்ததில் அரை மணித்தியாலம் போய்விட்டது. கூட வந்தவள் கோபித்துக்கொண்டாள்.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். துருசும் சுண்ணாம்பும் கரைத்து நீங்கள் பந்தலுக்கு அடிக்கும் போர்டோக் கலவை இந்த நாட்டில்தான் பிறந்தது. போர்டோ இங்கிருந்து தெற்கே உள்ள நகரம். வீதியோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, நஞ்சு போலத் தெரியட்டும் என்று அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நீல நிறக் கலவையைப் பூசினார்களாம். அப்படிப் பூசிய கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மிலார்தே என்ற பேராசிரியர் கவனித்து, 1885 இல் அதை மருந்தாக வெளியிட்டார். கள்ளருக்குப் பூசியது நோய்க்கு மருந்தானது. இங்கும் இலைகளில் அதே நீலக் கறையைக் காண்கிறேன். மருந்து அடித்த நாளில் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

பர்னேயிலிருந்து துர்க்கான், மோன்சோரோ வழியாகக் கான்ட் கிராமத்துக்கு இறங்கினால் வியன் என்ற ஆறு லுவாரோடு சேரும் இடம். ஆறே இல்லாத ஊரில் பிறந்தவள் நான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையும் ஆறென்று சொல்லித்தான் வளர்ந்தோம். இரண்டு பேராறுகள் சத்தமின்றிக் கலப்பதை முதன்முதல் பார்த்தபோது சைக்கிளைச் சாத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். கோடையில் லுவார் பாதி ஆறு, பாதி மணல். 2022 இல் மழை பொய்த்தபோது சில இடங்களில் மனிதர்கள் நடந்தே கடந்தார்களாம். மணல் திட்டுகளில் வசந்தத்தில் கடற்பறவை போன்ற ஒரு குருவி முட்டையிடும் என்பதால் அங்கே கால் வைக்க விடமாட்டார்கள். அமைதியாகத் தெரிந்தாலும் இந்த ஆற்றில் இறங்கிக் குளிக்கக் கூடாது. மணல் காலின் கீழ் கரைந்துவிடும். கரையோரப் பழைய வீடுகளின் சுவர்களில் 1846, 1856, 1866 என்று வருடம் வெட்டிய கோடுகள் இருக்கின்றன. வெள்ளம் வந்த உயரம் அது. அவற்றில் சில என் தலைக்கு மேலே நின்றன.

அங்கிருந்து ஏறி ஃபோன்தெவ்ரோ காட்டுக்குள் போவோம். அங்கே 1101 இல் தொடங்கிய பெரிய துறவிமடம் ஒன்று உண்டு. நெப்போலியன் காலத்தில் அதைச் சிறைச்சாலை ஆக்கினார்கள். 1963 வரை அது சிறையாகவே இருந்தது. கட்டடத்தை விட எனக்குக் காட்டுப் பாதைதான் பிடிக்கும். இந்த மாதத்தில் வேட்டைக்காரர்கள் துவக்கோடு வருவதால் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டுதான் போகிறோம். அம்மா பயப்பட வேண்டாம்.

அம்மா அதிர்ச்சி அடையக்கூடிய வேறு விடயம் ஒன்று உண்டு. கிராமங்களில் பகல் 12 மணிக்குக் கடை பூட்டினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள். திங்கட்கிழமை என்றால் பாண் கூடக் கிடைக்காது. தண்ணீர் முடிந்துவிட்டால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் போகும் இடம் சுடலை. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக ஒவ்வொரு கிராமத்துச் சவக்காலையிலும் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். குடிக்கக் கூடாது என்ற பலகை இல்லையென்றால் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். முதல் தடவை வாயில் வைக்க மனம் வரவில்லை. இரண்டாவது தடவை தாகம் வென்றது. வீட்டுக்கு வந்து தலையில் முழுகினேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, போன சனிக்கிழமை நடந்தது. தனியாகப் போயிருந்தேன். தோட்டப் பாதையில் சிக்கிமுக்கிக் கல் போன்ற கூரிய கல் ஒன்று பின் ரயரைக் கத்தி போலக் கிழித்துவிட்டது. நான் பெருமையாகச் சொன்ன அந்த இறப்பர்ப் பால் முழுவதும் என் முதுகில் விசிறி அடித்ததே தவிர, வெட்டை அடைக்கவில்லை. சும்மா ஒரு ரியூப் கொண்டுபோயிருந்தேன். ஆனால் வெட்டுப் பெரிது, ரியூப் வெளியே பிதுங்கியது. அப்போது பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் வானுக்குப் போய்ப் பழைய ரயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்து, வெட்டுக்கு உள்பக்கம் வைத்து ரியூப்பைப் போட்டார். நீங்கள் சந்தையடியில் செய்வதைப் பார்த்த அதே வேலை, அதே பெருவிரல் அழுத்தம்.

கையைத் துடைத்துக்கொண்டு எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். முந்திரிகைத் தோட்டம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தலைக்கு மேலே பந்தல் போட்டு, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, செம்மண்ணில் வளர்ப்பதையும், இலை கொட்டக் காத்திராமல் நாங்களே கத்தரித்துக் காய்க்க வைப்பதையும், வருடத்துக்கு இரண்டு தடவை பறிப்பதையும் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். பந்தலை ஏற்றுக்கொண்டார். இரண்டு தடவை என்பதை மட்டும் நம்ப மறுத்துவிட்டார். குளிரில் நித்திரை கொள்ளாத கொடி எப்படிக் காய்க்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே, கத்தரித்த அன்று பந்தலை ஒரு படமும், குலை பழுத்த பிறகு அதே இடத்தில் இன்னொரு படமும் எடுத்துத் திகதியோடு அனுப்புங்கள். கத்தரித்த பின் எத்தனை நாள் தண்ணீரை நிறுத்துவீர்கள், எத்தனையாம் நாள் பூக்கும் என்பதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அவருக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

அன்பு மகள்