அப்பத்தாவுக்கு எதுக்கு பாலிஷ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

குனிந்து மல்லிகைப்பூ கட்டும் என் அப்பத்தாவின் உருவத்தை வெண்கலத்தில் வார்த்திருந்தேன். வாங்கியவர், 'கரடுமுரடா இருக்கே' என்று பாத்திரக் கடையில் கொடுத்து பாலிஷ் போட்டுவிட்டார். வார்ப்பதற்கு முன் மெழுகில் செய்த உருவத்தில் என் கட்டைவிரல் பதித்த பள்ளங்கள்தான் அந்தக் கிழவியின் தோல். மேலே மண் பூசிச் சுடும்போது மெழுகு உருகி ஓடினாலும் தடம் மண் அச்சில் தங்கி, வெண்கலத்தில் ஏறிவிடும். சுவிஸ் சிற்பி ஜியாகொமெட்டியின் (1901–1966) மெலிந்த மனிதர்களுக்கும் உடம்பெல்லாம் விரல் தடம்தான். சுவாமிமலையில் அரம் போட்டு வழவழப்பாக்குவது தெய்வத் திருமேனிக்கு. அது வேறு கணக்கு. இப்போது அப்பத்தா புதுக் குத்துவிளக்காட்டம் மின்னுகிறாள். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதுமே, ஐயா! அக்குளில் மட்டும் ஒரு விரல் தடம் தப்பியிருக்கிறது. பாலிஷ் சக்கரம் அங்கே எட்டவில்லை.

– சிற்பி ஒருவர், திருநகர், மதுரை