எம்.ஜி.பி. இருக்கைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வெடித்த தோல் இருக்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைக்கச் சொல்கிறது. அதற்கும் சரிப்படாவிட்டால் ‘மேல் தோலை மட்டும் மாற்றினால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கார் இருக்கை தைப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு இரண்டுமே தவறு என்று தோன்றுவதால் இந்தக் கடிதம். படத்தில் போட்டிருந்த எம்.ஜி.பி. காரையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எண்ணெய். கார் இருக்கைத் தோலின் மேல் நிறப்பூச்சு ஒன்று உண்டு. எண்ணெய் அதைத் தாண்டி இறங்காது, வெடித்த இடத்தில் மட்டும்தான் உள்ளே போகும். போன இடத்தில் நார் ஊதி, பூச்சு அடியிலிருந்து கழன்று, வெடிப்பின் இரண்டு கரையும் சுருண்டு நிற்கும். பிறகு யாராவது நிறம் அடித்துச் சரிசெய்ய வந்தாலும், எண்ணெய் பட்ட சுவரில் சுண்ணாம்பு ஒட்டாததுபோல் அங்கே நிறம் ஒட்டாது. வெயில் இன்னும் மோசம். குரோமிய உப்பில் புதிதாகப் பதனிட்ட தோல் கொதிநீர்ச் சூட்டைக்கூடத் தாங்கும். ஐம்பது, அறுபது வருடம் காய்ந்த தோலுக்கு அந்தத் தெம்பு இருக்காது. குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும், சுருங்கியது திரும்ப விரியாது. தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டிச் சுருக்கம் எடுக்கப் போய் இருக்கையைப் பாழாக்குவதும் இதே கதைதான்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். தையல் ஓரத்தில் இரண்டு துண்டுகளையும் மெல்லப் பிரித்து இழுங்கள். ஊசி ஓட்டைகள் வட்டமாகவே நின்றால் தோலுக்கு உயிர் இருக்கிறது. சுத்தம் செய்து, 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெடிப்பைத் தோல் நிரப்பியால் அடைத்து, நிறத்தை மெல்லிய பூச்சுகளாக நாலைந்து தடவை அடித்தால் பல வருடம் ஓடும். ஓட்டை நீண்டு கண்ணீர்த்துளி வடிவத்துக்கு வந்திருந்தால் எந்த மருந்தும் பலிக்காது, தோலை மாற்ற வேண்டியதுதான்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் செய்யப்பட்ட கார். இருக்கையில் தோல் வந்தது 1960களின் வண்டிகளில்தான், 1970 வாக்கில் கம்பெனியே ரெக்சினுக்கு மாறிவிட்டது. அந்தத் தோல் இருக்கையிலும் உட்காரும் முகப்பும் சாயும் முகப்பும் மட்டும்தான் தோல், பக்கமும் முதுகும் ரெக்சின். ‘ஒரிஜினல் ஃபுல் லெதர்’ என்று விற்பவர் சொன்னால், பிற்காலத்தில் யாரோ தைத்த உறை என்று அர்த்தம். முகப்பு மட்டும் என்றால் ஐரோப்பிய மாட்டுத் தோலில் 50 சதுர அடி வருகிற முழுத் தோல் ஒன்று ஜோடி இருக்கைக்குப் பெரும்பாலும் போதும். முழுவதும் தோல் என்றால் இரண்டு வேண்டும். வெட்டும்போது கால் பங்கு கழிவு போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது தோலுக்குக் கீழே இருப்பதை. இரும்புச் சட்டத்தில், வண்டியின் ஆண்டைப் பொறுத்து, ரப்பர் பட்டைகளோ ஒரே விரிப்பாக ரப்பரோ மாட்டியிருக்கும். அதன்மேல் ஃபோம், அதன்மேல் தோல். ரப்பர் தளர்ந்தால் ஃபோம் குழிகிறது, ஃபோம் குழிந்தால் தோல் தொங்குகிறது. தொங்கும் தோல் ஒவ்வொரு தடவை உட்கார்ந்து எழும்போதும் அதே கோட்டில் மடிந்து அங்கேயே வெடிக்கிறது. அடியைத் தொடாமல் மேலே புதுத் தோல் போட்டால், அது வெடிப்பதும் அதே கோட்டில்தான். ரப்பர் பட்டை போடுவதானால் 50 மி.மீ. அகலப் பட்டையை 10 சதவீதம் இழுத்து மாட்ட வேண்டும். 40 செ.மீ. இடைவெளிக்கு 36 செ.மீ.க்குச் சற்று மேல் வெட்டினால் சரியாக வரும். இழுவையே இல்லாத கட்டில் நாடாவைப் பின்னித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதம் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பிறகு தொட்டில்.

பழைய ஃபோம் கையில் எடுத்தாலே மஞ்சள் தூளாக உதிரும். இந்த வண்டிக்கு அச்சில் வார்த்த ஃபோம் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கிறது, வரவழைக்க முடிந்தால் அதுவே மேல். தாள் ஃபோமை வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாத நல்ல ரகம் வாங்குங்கள். கடையில் ‘டென்சிட்டி’ என்றால் கெட்டி என்று எடுத்துக்கொள்கிறார்கள். டென்சிட்டி என்பது எடை, எத்தனை நாள் குழியாமல் நிற்கும் என்பதற்கான கணக்கு. கெட்டியா மெத்தென்றா என்பது தனி அளவு. பக்கத் திண்டுக்கு கெட்டி ரகம், நடுவுக்கு அதைவிட மெது. சுகமாக இருக்கட்டும் என்று ஓர் அங்குலம் கூட்டிப் போட்டால் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும், தலை கூரைத் துணியைத் தொடும். இந்தக் காருக்குள் விட்டுக்கொடுக்க இடமே கிடையாது.

பழைய உறையைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் எண், முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி, அடுத்த துண்டோடு சேரும் இடங்களில் எதிரெதிர்க் கோடுகள் மார்க்கரால் போட்டுவிடுங்கள். ஒரு இருக்கையைப் பிரித்தால் மற்றதை வேலை முடியும்வரை தொடக்கூடாது, சந்தேகம் வந்தால் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ஓட்டுநர் இருக்கையின் பழைய தோல் நடுவில் நீண்டு கிடக்கும். அதையே அட்டையில் வரைந்து வெட்டினால், தொங்கிப்போன தோலின் அளவில் புதுத் தொங்கல் தயார். அதிகம் உட்காராத பயணி இருக்கையை முதலில் பிரித்து, அதிலிருந்து அட்டை எடுத்து, ஓட்டுநருக்கு அதைத் திருப்பிப் போட்டு வெட்டுவதுதான் வழி.

தோல் வாங்குவதில் நம்மூர் ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பெரியமேட்டில் கிடைக்காத தோலா என்று போய், கைக்கு மெத்தென்று இருப்பதை வாங்கி வந்துவிடுகிறார்கள். சட்டைத் தோல் 0.6 முதல் 0.8 மி.மீ., ஒரே வருடத்தில் தையலில் கிழியும். செருப்பு மேல்தோல் விறைப்பு, வளைவில் படியாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இந்த மண்ணின் பெருமைதான், ஆனாலும் பூட்டிய காரின் வெயில் சூட்டில் அது விறைத்துச் சுருங்கும். கார் இருக்கைக்கு வேண்டியது குரோமில் பதனிட்டு நிறப்பூச்சு கொடுத்த 1.1 முதல் 1.3 மி.மீ. மாட்டுத் தோல். வாங்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் நாளைக்கு வேட்டியிலும் ஏறும்.

முதுகுப் பகுதித் தோல் இறுக்கம், வயிற்றுப் பகுதி இழுத்தால் ரப்பராக நீளும். உட்காரும் முகப்பை முதுகிலிருந்து வெட்டுங்கள். இரண்டு இருக்கைக்கும் அதே துண்டை முதுகுக்கோட்டுக்கு இரு புறமும் எதிரெதிராக வெட்டினால் நிறமும் இழுவையும் ஒத்துப்போகும். வயிற்றுப் பகுதி பைப்பிங்குக்கும் (கயிறு வைத்துத் தைக்கும் விளிம்பு) கண்ணில் படாத ஓரத்துக்கும் ஆகும்.

நடுவில் நீளவாக்கில் ஓடும் வரிகள்தான் இந்த இருக்கையின் அழகு, தையல்காரரின் கையைக் காட்டிக்கொடுப்பதும் அவைதான். தோலுக்கு அடியில் துணி ஒட்டிய 10 மி.மீ. மெல்லிய ஃபோம் வைத்துக் கோடு கோடாகத் தைத்துப் போகும்போது ஒவ்வொரு வரியும் 2, 3 மி.மீ. அகலத்தை விழுங்கிவிடும். பத்து வரி என்றால் ஓர் அங்குலம் காணாமல் போகும். அட்டை அளவில் வெட்டிவிட்டுத் தைக்க உட்கார்ந்தவர் கடைசியில் ஓரம் எட்டாமல் விழிப்பார். சுற்றிலும் 40 மி.மீ. கூடுதலாக விட்டு, வரிகளை முதலில் தைத்துமுடித்து, அதன் பிறகு அட்டையை மேலே வைத்து வெட்ட வேண்டும். நடு வரியில் தொடங்கி வெளியே போவது, எல்லா வரியையும் ஒரே திசையில் தைப்பது, இரண்டும் கட்டாயம். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றி மாற்றித் தைத்தால் வரிகள் பாம்பாக நெளியும். சாயும் முகப்பின் வரியும் உட்காரும் முகப்பின் வரியும் நேருக்கு நேர் வரவேண்டும். 3 மி.மீ. விலகினாலும் வண்டிக் கதவைத் திறந்ததும் கண்ணை உறுத்தும்.

மெஷின் வாக்கிங் ஃபுட் வகையாக, அதாவது மேலே அழுத்தும் பாதமும் தோலோடு சேர்ந்து நகர்வதாக இருக்க வேண்டும். சாதா மெஷினில் மேல் தோல் பின்தங்கி, அடித்துணி முன்னே ஓடிவிடும். திறந்த காருக்கு நைலானைவிடப் பாலியஸ்டர் நூல் வெயிலைத் தாங்கும். நூலின் பருமன் உள் தையலுக்கு டெக்ஸ் 70, வெளியே தெரியும் தையலுக்கு டெக்ஸ் 90, ஊசி 18 நம்பர், தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. நெருக்கித் தைத்தால் உறுதி என்பது துணிக்குப் பொருந்தலாம். தோலில் அது தபால்தலை ஓரம் மாதிரி, இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். குத்திய ஓட்டை மூடாது என்பதால் பிரித்துத் தைக்க வழியில்லை. குண்டூசி வேண்டாம், துணிக் கவ்வி போடுங்கள். பைப்பிங்குக்கு 4 மி.மீ. கயிறு, 38 மி.மீ. தோல் பட்டை. பட்டையைச் சீவி 0.8 மி.மீ.க்குக் கொண்டுவராவிட்டால் மூலை திரும்பும் இடத்தில் நாலு தோல் சேர்ந்து ஊசியை முறிக்கும்.

மாட்டும் நாளில் உறை ஃபோமைவிட 5 மி.மீ. சிறிதாக இருப்பதே சரி. புது உறையை அரை மணி நேரம் இளவெயிலில் வைத்தால் தோல் இளகும், புதுத் தோலுக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. ஃபோமின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி உறையை வழுக்கவிட்டு, தாளை உருவிவிடுங்கள். உள்ளேயே விட்டால் வியர்வையும் மழை ஈரமும் தங்கி ஃபோம் நாறும். முன் நடுவைப் பிடித்து, பின் நடு, அப்புறம் மூலைகள், கடைசியில் பக்கங்கள். மூலையிலிருந்து குறுக்கே சுருக்கம் ஓடினால் உறை முறுக்கி ஏறியிருக்கிறது, இழுத்தால் போகாது, கழற்றித்தான் மாட்ட வேண்டும். கம்பி கோத்து இழுக்கும் இடங்களில் ஹாக் ரிங் என்ற, இடுக்கியால் நெருக்கி மூடும் இரும்பு வளையம் 50 முதல் 75 மி.மீ.க்கு ஒன்று. பிளாஸ்டிக் டை கட்டுவது இப்போது பெருகிவிட்டது. அது சூட்டில் தளரும், அதன் வால் ஃபோமை அறுக்கும்.

பசையைத் தோல் முகப்பின் பின்புறம் முழுக்கத் தடவக்கூடாது, ஊறி விறைக்கும். ஓரத்தில் மட்டும், இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும்.

இன்னொன்று. எம்.ஜி.பி. இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் மரச் சட்டங்கள் இருக்கும். கூரை ஒழுகிய வண்டியில் அவை மக்கி, போல்ட் இறுக்கியும் இருக்கை ஆடும். இருக்கை வெளியே வந்திருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. போல்ட் யு.என்.எஃப். என்ற அங்குல அளவுப் புரி, புதுப்பேட்டையில் கைக்கு அகப்பட்ட மில்லிமீட்டர் போல்டை முறுக்கினால் தரையில் இருக்கும் நட்டின் புரியே போய்விடும்.

தேங்காய் எண்ணெய் யோசனையை நம்பி யாராவது இந்நேரம் தடவத் தொடங்கியிருக்கலாம். வரும் ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே தடவியவர்கள் வெயிலில் வைக்காமல், உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் சுத்தம் செய்யும் திரவத்தால் இரண்டு மூன்று தடவை துடைத்து நிழலில் ஆறவிடட்டும்.

இப்படிக்கு,
கார் இருக்கைத் தையல் தொழிலாளர்கள் சிலர்,
சென்னை.