காற்றைக் கட்டிய பிறகே வாழை

ஏலகிரி மலை,
ஆனி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழித்துறை வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்க ஓசூருக்கே வந்துவிடப் போகிறாய் என்ற செய்தி எனக்குப் பெரும் மகிழ்ச்சி. வேலூர் ஊரீசு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாம் இனி ஒரு காலைப் பயணத்தில் பார்த்துக்கொள்ளும் தொலைவில் இருப்போம். தங்கையின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

மகளின் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் வெற்று மனையில் குமரி மாவட்டத்து வீட்டு வளவைப் போல வாழையும் கமுகும் சேம்பும் இஞ்சியும் அடர்ந்த ஒரு தோட்டம் போட முடியுமா, ஓசூரின் குளிரும் வறண்ட காற்றும் அதற்கு இடம் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறாய். முடியும் என்று உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் நீ அனுப்பியிருக்கும் செடிப் பட்டியலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடு. முதலில் காற்றைக் கட்ட வேண்டும். வாழை அதற்குப் பிறகுதான்.

உன் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கின்றன. கடலும் பக்கத்தில் இருக்கிறது. இலையைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் ஈரம் நிற்கிறது. இங்கே அப்படி இல்லை. ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மலையடிவாரத்து ஜோலார்பேட்டையில் அனல் அடிக்கும் நாளிலும் இங்கே தாங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் குளிர்ச்சி வேறு, ஈரம் வேறு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். பங்குனி மாதப் பிற்பகலில் நம் பக்கத்துக் காற்றில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். மிச்சத்தை அது இலையிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். அகன்ற இலையுள்ள செடி வேரில் தண்ணீர் இருந்தும் ஓரம் கருகுவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் வேரை அழுக வைக்கிறார்கள்.

இரவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்தபோது, மேகமற்ற வானம் அதிகம் கிடைக்கும் இடம் என்பதையும் பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தெளிந்த வானமே செடிக்குச் சோதனை. மேலே மறைப்பு இல்லாத இலை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உயரத்தில் ஒரு மரக்கூரை இருந்தால் பகல் வெயில், இரவுக் குளிர் இரண்டையும் அதுவே பாதி தடுத்துவிடும்.

நம் முன்னோர் இதை வெற்றிலைக் கொடிக்காலில் செய்து காட்டியிருக்கிறார்கள். வெற்றிலை மழைக்காட்டு நிழலில் படரும் கொடி. அதைச் சோழவந்தானிலும் கும்பகோணத்துப் பக்கத்திலும் வெயில் காயும் சமவெளியில் வளர்க்கிறார்கள் என்றால், அகத்தியை நெருக்கமாக நட்டு, அதையே கொடிக்குக் கொம்பாகவும் கூரையாகவும் ஆக்கி, பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் ஓடவிட்டு, உள்ளே தனியாக ஒரு காற்றையே உண்டாக்கிவிடுகிறார்கள். கொடிக்காலுக்குள் குனிந்து நுழையும்போது முகத்தில் படும் அந்தக் குளிர்ந்த ஈரம் வெளியே வரப்பில் நிற்பவனுக்குக் கிடைக்காது. உன் மனையில் நீ செய்ய வேண்டியது இதையேதான். அகத்திக்கு மட்டும் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது. அதன் இடத்தில், கொம்பை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் மரமான கிளைரிசிடியாவை வைத்துக்கொள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த மேட்டு நிலத்தில் வெறும் பேச்சு அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும்போது வாழை இலை நரம்போடு நரம்பாகக் கிழிந்து நார் நாராகத் தொங்கும். கிழிந்த இலையும் மரத்துக்குச் சோறு சமைக்கத்தான் செய்கிறது; காய்ப்பு பெரிதாகக் குறையாது. ஆனால் நீ தேடும் அடர்ந்த பசுமை அதில் இராது. சுற்றுச்சுவர் எழுப்பினால் போதும் என்று உன் மருமகன் சொல்வதாக எழுதியிருக்கிறாய். சுவர் காற்றைத் தடுக்காது. மேலே ஏற்றி மறுபக்கம் சுழன்று விழச் செய்யும். பாதி காற்றை உள்ளே விட்டு மீதியைத் தடுக்கும் உயிர்வேலிதான் நல்லது. அது தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். மேற்கிலும் தென்மேற்கிலும் கிளைரிசிடியாவை இரண்டு வரிசையாக, ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று வருமாறு நடு. வெளிப்புறத்தில் சில்வர் ஓக் வைத்தால் உயரமும் கிடைக்கும்.

கூரைக்கு ஒரு பலாவும் ஒரு புங்கனும் போதும். இவ்வளவு அமைந்த பிறகுதான் வாழை.

மட்டி, செவ்வாழை இரண்டின் கன்றையும் ஊரிலிருந்து கொண்டுவர நினைக்கிறாய். உன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். நுனி இலைகளைக் குறுக்கிக் கொத்தாக்கிவிடும் முடிக்கொத்து நோய் கன்றின் வழியாகவே ஊர்விட்டு ஊர் போகிறது; பார்வைக்குத் தெளிவான கன்றிலும் நச்சுயிரி இருக்கலாம். செவ்வாழை உன் ஊரிலேயே குலை தள்ள நெடுநாள் எடுக்கும். வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே போனால் வாழையின் வளர்ச்சி தளர்ந்து, இன்னும் சற்று இறங்கினால் நின்றே போகும். மார்கழி, தை மாதங்களில் குலை தண்டின் கழுத்தில் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் திணறுவதும் உண்டு. நமக்குத் தேவை மலைக்குப் பழகிய வாழை. விருப்பாச்சியும் சிறுமலை வாழையும் பழனி மலைச் சரிவிலும் சிறுமலையிலும் மர நிழலில், மழையை மட்டும் நம்பி, தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை. 2008-இல் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றன. திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய, நோயற்ற விருப்பாச்சிக் கன்றாக வாங்கு. செவ்வாழை இல்லாமல் மனம் ஆறாது என்றால், அதிலும் திசு வளர்ப்புக் கன்று ஒன்றைச் சுவரோரம் வெயில் தேங்கும் மூலையில் வை. பழத்தை எதிர்பார்க்காமல் அந்தச் செந்தண்டின் அழகுக்காக மட்டும் வை.

கமுகை விட்டுவிடு. பக்கத்துத் தோட்டக்காரர் வைத்த கமுகுகள் ஒவ்வொரு மாசியிலும் நுனி காய்ந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பதில் கூந்தல்பனை. மீன்வால் போல வெட்டுண்ட அதன் சிற்றிலைகளை அருகில் நின்று பார்த்திருக்கிறாயா? நுனி சீராக இருக்காது, கடித்துப் பிய்த்தது போல இருக்கும். அதன் வழியே விழும் வெயில் தரையில் அசைந்துகொண்டே இருக்கும். மலைக்காட்டு மரம் என்பதால் குளிர் அதைத் தொந்தரவு செய்வதில்லை. பருவம் வந்ததும் உச்சியில் பூக்கத் தொடங்கி, ஒவ்வொரு கணுவாகக் கீழே இறங்கிப் பூத்து, முடிந்ததும் மரம் பட்டுவிடும். எனவே முதல் மரம் பூக்கும் முன்பே இரண்டாவதை வைத்துவிட வேண்டும்.

தரையை மூடச் சேம்பு, கல்வாழை, சித்தரத்தை, மஞ்சள். மஞ்சளும் சேம்பும் தை மாதத்துக்குள் இலை உதிர்த்து மண்ணுக்குள் உறங்கிவிடும்; வறண்ட மாதங்களில் அவற்றுக்கு நீ தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. பெரணியை வாய்க்கால் ஓரத்தில் மட்டும் வை.

இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் பழைய ரோஜாப் பாத்திகளை 1993-இல் எடுத்துவிட்டு, வாழையும் கல்வாழையும் நிறைந்த வெப்பமண்டலத் தோட்டத்தை அமைத்தார்கள். உறைபனி விழும் ஊரில் வாழைத்தண்டைப் பெரணித் தழையால் பொதிந்து குளிர்காலத்தைக் கடத்துகிறார்கள். நமக்கு அவ்வளவு பாடு இல்லை.

மண்ணைப் பற்றி ஒன்று. நம் செம்மண்ணில் கரளை அதிகம், தண்ணீர் நிற்காது. ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி மட்கிய சாணமும் தழையும் கலந்து, மேலே ஒரு சாண் கனத்துக்கு மூடாக்குப் போடு. மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல், நம் வட ஆற்காட்டில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இலேசானது, மெல்ல மட்கும். காற்றில் பறக்காதிருக்க அதன்மேல் காய்ந்த வாழைமட்டையைப் பரப்ப வேண்டும். போர் தண்ணீரை இலைமேல் தெளிக்காதே. அதிலுள்ள உப்பு வெள்ளையாகப் படிந்து இலையைக் கெடுக்கும். கூரை மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்து இலைக்கு வைத்துக்கொள். வேருக்குப் போர் தண்ணீர் சொட்டு நீராகப் போகட்டும்.

நீ ஆவணியில் வந்து சேர்வதற்குள் வேலி வேர் பிடித்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். என் தோட்டத்துக் கிளைரிசிடியாவில் முற்றிய கொம்புகளை ஆள் உயரத்துக்கு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, இந்த மாதக் கடைசியில் நானே ஓசூருக்குக் கொண்டுவந்து நட்டுக் கொடுக்கிறேன். மனையின் மேற்கு எல்லையும் தெற்கு எல்லையும் எத்தனை அடி என்று மகளிடம் அளக்கச் சொல்லி உடனே எழுது. அந்தப் பக்கம் ஏற்கெனவே மரமோ மாடி வீடோ இருந்தால் அதையும் குறிப்பிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.