நன்கொடையாளரின் கதவிலக்கம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவன் நான். எங்கள் தெருவில் பட்டறை கீழே, குடும்பம் மாடியில். தொழில் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றுதான். பக்கத்துப் பட்டறைக்காரர், தமக்குப் பிடித்த கட்சிக்கு 25,000 ரூபாயைக் காசோலையாகக் கொடுத்திருந்தார். அந்தக் கட்சி தேர்தல் ஆணையத்துக்கு அளித்த நன்கொடை அறிக்கையில் அவர் பெயர் இருந்த பக்கத்தை யாரோ எடுத்து, கதவிலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிட்டார்கள். மறுவாரமே வேறு இரண்டு கட்சிகளின் ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, "அவங்களுக்குக் கொடுத்தீங்கல்ல, எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். வளையம் பற்றவைத்துக்கொண்டிருந்த அவருடைய மகள், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நன்கொடையை மறைத்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவர் யார் என்பதே மக்களுக்குத் தெரியாமல் 2018 முதல் நடந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தபோது மனதார மகிழ்ந்தவன் நான். கோடிகளைக் கொடுத்த நிறுவனம் பதிலுக்கு எதைப் பெற்றது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே தீர்ப்பு, ஒருவருடைய அரசியல் சார்பும் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்றும், அரசின் கொள்கையை வளைப்பதற்காகக் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் பிரித்துச் சொன்னது. பின்னர் அந்தப் பத்திரங்களை விற்ற பாரத ஸ்டேட் வங்கி, யார் வாங்கிய பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று காட்டும் பத்திர எண்களைத் தந்தபோதும், முழு வங்கிக் கணக்கு எண்கள் வெளியிடப்படவில்லை. அதனால் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை அறிய நமக்கு எந்தத் தடையும் ஏற்படவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவரின் விவரத்தைக் கட்சிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். படிவம் முழு முகவரியையும் பான் எண்ணையும் கேட்கிறது. இந்த வரம்பு 2003-இல் வந்தது. அன்று அந்தத் தொகைக்கு இரண்டு கிலோ வெள்ளி வாங்கலாம். இன்று அரைக் கிலோகூட வராது. பெரும் பணக்காரரைக் கண்காணிக்கப் போட்ட வலையில் இன்று பட்டறைக்காரரும் சிக்குகிறார்.

முகவரி இல்லாவிட்டால் போலிப் பெயர்களை எழுதிவிடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முகவரியும் பான் எண்ணும் ஆணையத்திடமும் வருமான வரித் துறையிடமும் இருக்கட்டும், அவர்கள் சரிபார்க்கட்டும். தனிநபர்களைப் பொறுத்தவரை பெயர், ஊர், தொகை ஆகியவை மட்டும் பொதுவில் வரட்டும். நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம். அமெரிக்காவில் 200 டாலருக்கு மேல் கொடுப்பவரின் விவரம் வெளியாகிறது. ஆனாலும் அந்தப் பட்டியலை வைத்து வேறு நன்கொடை வசூலிக்கக் கூடாது என்று அங்கே கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது. நம் 29சி பிரிவில் அப்படியொரு வாசகம் இல்லை.

பக்கத்துப் பட்டறைக்காரர் இனிமேல் காசோலை எழுதப் போவதில்லையாம். கொடுப்பதாக இருந்தால் ரசீது வாங்காமல் ரொக்கமாகக் கையில் கொடுத்துவிடுவேன் என்கிறார்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.