பொருள்: கழுவலாம் என்று சொல்லி விற்ற நான்கு சன்னல் பிளைண்ட்ஸ்

அனுப்புநர்: சுங்கை சிப்புட் வாடிக்கையாளர் (பெயர், முகவரி, ரசீது எண் எல்லாம் இணைத்துள்ள நகலில் இருக்கின்றன)
பெறுநர்: மேலாளர் அவர்கள், ஈப்போ கிளை

ஐயா, வணக்கம்.

மலாயில் இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பதில், அனுப்பிய அதே நொடியில் வந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, என் பணத்தைப் பற்றிக் கேட்டேன். இந்தக் கிளையின் மேலாளர் தமிழர் என்று உங்கள் கடை வாசலில் நிற்கும் காவலாளி சொன்னார். அதனால் தமிழில் எழுதுகிறேன். இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்புகிறேன்.

என் வீட்டுப் படுக்கையறைகளில் மாட்டிய நான்கு சுருள் பிளைண்ட்ஸும் பாழாகிவிட்டன. அந்த இருட்டுத் துணி வகைதான், பின்பக்கம் வெள்ளைப் பூச்சு பூசியது, சாம்பல் நிறம். உங்கள் சரக்கு, உங்களுக்கே தெரியும். நான்குக்கும் 1,120 வெள்ளி (ரிங்கிட்), சமையலறைச் சன்னலுக்கு வாங்கிய அலுமினியப் பட்டை பிளைண்ட்ஸுக்கு 160 வெள்ளி, மொத்தம் 1,280 வெள்ளி ரொக்கமாகக் கொடுத்தேன். வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. உத்தரவாதத் தாளில் மூன்று வருடம் என்று போட்டிருக்கிறது.

நான் குடியிருப்பது செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். குலை ஏற்றிய லாரி போனால் செம்மண் புழுதி, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆலைக் கரி. காலையில் துடைத்த சன்னல் விளிம்பில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். சன்னலை அளக்க வந்த உங்கள் தம்பியிடம் இதை முதல் நாளே சொன்னேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை, அவர் சட்டைக் கையிலேயே கரி ஒட்டியிருந்தது. “அதனால என்ன அங்கிள், இது கழுவுற துணி. சோப்புத் தண்ணி போதும்” என்றார். அவருக்கு மைலோ கலந்து கொடுத்த என் மனைவி இதற்குச் சாட்சி.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு வீட்டைச் சுத்தம் செய்ய இறங்கினோம். அப்போதும் நான் அவசரப்படவில்லை. உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்து, எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். காலை 10.40-க்கு அழைத்து, 11.05-க்கு ஆள் கிடைத்தது. கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள் என்றார் ஓர் அம்மா. அப்படியே செய்தேன். குளோரோக்ஸ் ஊற்றவில்லை, பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை. ஒரு கரண்டி பாத்திரச் சோப்பும் ஒரு பஞ்சும்தான். தூக்கிப் பார்த்தால் பின்பக்கப் பூச்சு பால் ஏடு மாதிரி கையோடு வருகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் மீன் வலை. பயந்துபோய் மற்ற மூன்றையும் தண்ணீரில் போடவே இல்லை, ஈரத் துணியால் துடைத்ததோடு சரி. ஒரே வாரத்தில் அவையும் வெடித்து, தரையெல்லாம் வெள்ளைத் தூளாகக் கொட்டுகிறது. வெயிலை மறைப்பது அந்தத் துணி இல்லை, அந்தப் பூச்சுதான் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் சுருள் பாழான மறுநாளே திரும்ப அழைத்தேன். இந்த முறை ஓர் இளைஞர். “ஐயோ, தண்ணியே படக்கூடாதே! வேக்கும் கிளீனர்ல மெதுவான பிரஷ் மாட்டி உறிஞ்சணும். கறை இருந்தா அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால ஒத்தி எடுக்கணும்” என்றார். மூன்றாவது முறை அழைத்தபோது, நாங்களே எடுத்துப்போய்ச் சுத்தம் செய்து தருவோம், ஒன்றுக்கு 45 வெள்ளி என்றார்கள். ஒரே கம்பெனி, மூன்று பதில். அந்த இளைஞர் சொன்னதுதான் சரி என்று இப்போது எனக்கும் புரிகிறது. அவரைத் திட்டாதீர்கள், உங்களிடம் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அதை விற்கும்போதல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சுருளில் ஒட்டியிருக்கும் தாளில் ‘துடைத்துச் சுத்தம் செய்யலாம்’ என்றுதான் இருக்கிறது. துடைத்த மூன்றும் என்ன ஆயின என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். இதை நினைத்தாலே எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

பழுதான ஒன்றைக் கொண்டுவாருங்கள், புதன் காலை 12 மணிக்குள் வந்தால் பார்த்து மாற்றித் தருவோம் என்று உங்கள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அன்று என் கார் பட்டறையில். ஐந்தடி நீளச் சுருளை மனைவியின் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினேன். துப்பாக்கியா தாத்தா என்று ஒரு பள்ளிப் பையன் கேட்டான். மேடான் கிட் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கிராப் கார் பிடித்து 11.20-க்கு உங்கள் கடைக்கு வந்தால் கதவு பாதி இறங்கியிருக்கிறது. ஸ்டாக் கணக்கெடுப்பாம். 2.15 வரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூட ஆளை இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்ததில்லை.

கடைசியில் முகப்பில் இருந்த பிள்ளை சுருளைப் பிரித்தும் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்தபடியே, “இது ஒண்ணு போதாது அங்கிள், நாலையும் மேல் ராடோட கொண்டு வரணும். உத்தரவாதம் சங்கிலிக்கும் ஸ்பிரிங்குக்கும்தான், துணிக்கு இல்ல” என்றது. இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: “துணி கழுவத் தெரியலன்னா எதுக்கு பிளைண்ட்ஸ் வாங்குறீங்க? தோட்டத்து வீட்டுக்கு சாதாரண கர்ட்டன் போதுமே.” பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளை சிரித்தது.

ஐயா, நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்து ஆபிசில் 31 வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்து, தொழிலாளர் வருகைப் பதிவேடான செக்ரோல் எழுதியவன். ஊழியர் சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீடு இது. தோட்டத்து வீட்டுக்கு எது போதும் என்று உங்கள் முகப்பில் முடிவு செய்வதாக இருந்தால், தோட்டத்து மனிதனின் 1,280 வெள்ளியை எண்ணி வாங்கிய அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். கழுவத் தெரியாதாம்! சமையலறை அலுமினியப் பட்டையை வந்து பாருங்கள். பட்டைகளை மூடி, மேலிருந்து கீழாக உலர்ந்த துணியால் துடைத்து, திருப்பி மறுபக்கமும் துடைத்து, தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்குக்குப் பழைய காலுறையைக் கையில் மாட்டிச் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு பட்டையாக உருவி எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைக் கழுவிய கைதான் இதையும் கழுவியது.

தீபாவளிக்குச் சன்னலில் போர்வையைத்தான் கட்டினோம். கிள்ளானிலிருந்து வந்த என் கொழுந்தியாள், “வீடு காலி பண்றீங்களா அத்தான்?” என்று கேட்டாள். என் மகன் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன், பகலில்தான் தூங்க வேண்டும். ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் எடை குறைந்துவிட்டான். அவன் வேலைக்கு ஏதாவது வந்தால் யார் பொறுப்பு? என்னைக் கேட்டால் இந்த வீட்டின் நிம்மதிக்கு 10,000 வெள்ளி கொடுத்தாலும் காணாது. இருந்தாலும் நான் அவ்வளவு கேட்கவில்லை.

நான்கு பிளைண்ட்ஸையும் மாற்றிக் கொடுங்கள், அல்லது 1,120 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு பேருந்து, கிராப் செலவு 38 வெள்ளியையும் கொடுங்கள். மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் உங்கள் ஆள் இங்கே வந்து மாட்டட்டும், ராடைத் தூக்கிக்கொண்டு நான் மறுபடி பேருந்து ஏற மாட்டேன். எப்படிச் சுத்தம் செய்வது என்பதை உங்கள் முத்திரையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பிள்ளையை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, எனக்கும் பேத்தி இருக்கிறாள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும்.

14 நாள் பொறுத்திருப்பேன். அப்புறம் பயனீட்டாளர் தீர்ப்பாயம்தான். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்பதையெல்லாம் விசாரித்துவிட்டேன். விற்கும்போது சொன்னபடி பொருள் இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். அழைத்த தேதி, நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. செக்ரோல் எழுதிய கை, விட்டுப்போகாது. அந்த அளவுக்குப் போக எனக்கும் ஆசையில்லை ஐயா. ஒரு தொலைபேசி அழைப்பில் முடியக்கூடிய விஷயம் இது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: அலுமினியப் பட்டையின் கயிறு என் பேரன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. கழுத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. சுவரில் மாட்டும் கொக்கியை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று உங்கள் தம்பி சொல்லி 14 மாதம் ஆகிறது. இப்போதைக்கு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருக்கிறேன். வரும் ஆளிடம் அந்தக் கொக்கியையும் கொடுத்தனுப்புங்கள்.