கோடரியைக் கையால் தீட்டுவது பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தோள்வலி தணிந்து மீண்டும் விறகு பிளக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். சாணை பிடித்து வந்த கோடரி சில நாளிலேயே மழுங்கிவிட்டது என்றும், அதன் வாயோரத்தில் நீலத் திட்டு தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடிகளில் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, எஃகு தன் பதத்தை, அதாவது கடினத்தன்மையை, இழந்திருக்கிறது. நீலம் படிந்த பகுதியை அராவி நீக்காத வரை எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

இம்முறை கையாலேயே செய்து பாருங்கள். கோடரியை வைஸ் எனும் இறுக்குப் பிடிக்கருவியில் இறுக்கி, தோல் கையுறை அணிந்துகொண்டு, தட்டை அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பின்னுக்கு வரும்போது தூக்கிவிடாமல் இழுத்தால் அரத்தின் பற்கள்தான் தேயும். பலரும் வாயின் கடைசி நூலிழையை மட்டும் தீட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படியே ஆண்டுக்கணக்கில் செய்துவந்தால், விளிம்பு தேய்ந்து பின்வாங்கப் பின்வாங்க அதற்குப் பின்னால் உள்ள கன்னம் (தலையின் பக்கவாட்டுப் பரப்பு) தடித்துக்கொண்டே போகிறது; தொட்டால் கையை அறுக்கும் கோடரி மரத்தில் மட்டும் இறங்க மறுப்பது இதனால்தான். ஆகவே விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளியே அராவத் தொடங்குங்கள். கன்னத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டால், அரம் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று மை அழியும் இடமே காட்டிவிடும். மரம் வெட்டும் கோடரிக்கு இருபுறமும் சேர்ந்து 25 டிகிரி கோணம் பொருந்தும். உங்களைப் போல் விறகு பிளப்பவர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். கை மயிரை மழிக்கும் அளவுக்குத் தீட்டிப் பெருமைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக்கும் கோடரியில் அவ்வளவு மெல்லிய கூர் முதல் கணுவிலேயே மடிந்துவிடும்.

ஒரு புறம் அராவி முடிந்ததும் மறுபுற விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு எழும். விரலைக் கன்னத்திலிருந்து வெளிப்புறமாக நகர்த்திப் பார்த்தால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள். இரு புறமும் அராவியபின், நீர் தெளித்த சாணைக்கல்லைச் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடத்தில் ஒன்றுமே தெரியாது.

தொடங்குமுன், நீலத் திட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே ஏறியிருக்கிறது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். அது ஓரிரு மில்லிமீட்டர் என்றால் அரமே போதும்; அதற்கு மேல் சென்றிருந்தால், வாயை வீணாகத் தேய்ப்பதைவிடக் கொல்லரிடம் கொடுத்து மறுபடி பதமேற்றிக்கொள்வதே நல்லது.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்